எச்சரிக்கைக்காரரின் இடது கால் கட்டைவிரல்

மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் தெர்மக்கோலுக்கும் அட்டைக்கும் நடுவில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். அதை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். யாருமே படிப்பதில்லை. மேசை ஆடினால் அதன் காலுக்கு அடியில் மடித்து வைப்பார்கள், குழந்தை அழுதால் கிழிக்கக் கொடுப்பார்கள், மிச்சப்பேர் தெர்மக்கோலோடு சேர்த்துக் குப்பையில் போடுவார்கள். அந்தப் புத்தகத்தை எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷமாக எழுதுகிறார். இத்தனை பேர் வீட்டில் அச்சாகிக் கிடக்கிற ஒரு எழுத்தாளரை யாரும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு மாலை போட்டதில்லை.

கம்பெனியில் முதலில் பெட்டி கட்டும் பிரிவில்தான் சேர்ந்தார். பெட்டிக்குள் போட வேண்டிய புத்தகத்தைத் திறந்து படித்துப் பார்த்த ஒரே ஊழியர் அவர்தான். கெட்டிலை முதலில் கரண்டில் செருகிவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றச் சொல்லி அதில் எழுதியிருந்ததாம். மேலே போய்ச் சொன்னார். "அவ்வளவு தெரிஞ்சா நீயே எழுதிக்க" என்று எரிந்து விழுந்திருக்கிறார்கள். மனுஷன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் எழுதியே கொடுத்துவிட்டார். திட்டுக்கும் உத்தரவுக்கும் வித்தியாசம் தெரியாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘எச்சரிக்கை’. பக்கத்துக்குப் பக்கம் முக்கோணம் போட்டு அந்த வார்த்தையை எழுதுவார் என்பதால் வந்த பெயர். இஸ்திரிப் பெட்டிப் புத்தகத்தில், ‘உடுத்தியிருக்கும் துணியின் மேல் தேய்க்காதீர்கள்’ என்று எழுதியிருந்தார். "இதைப் போய் யாருங்க செய்வாங்க?" என்று கேட்டேன். "செஞ்சிருக்கான். லெட்டர் போட்டிருக்கான்" என்றார். வீட்டிலும் இதே கதைதான். மாடிப்படியில் மூன்றாவது படி கொஞ்சம் உயரம் என்பதை நான் குடிவந்த நாளிலிருந்து இன்று காலை வரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆளை ஏன் கட்டிக்கொண்டேன் என்று கேட்பீர்கள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் அவருடைய அலுவலகத்துக்கு என்னை வரச் சொன்னார். பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் வழியைப் பதினான்கு வரியில் எழுதி அனுப்பியிருந்தார். ஒன்பதாவது வரி இப்படி இருந்தது: ‘இந்த இடத்தில் வழி தவறிவிட்டதாகத் தோன்றும். தவறவில்லை. நடங்கள்.’ இரண்டு பக்கமும் மதில், முன்னால் ஒரு மூடிய ஷட்டர், ஆள் அரவமே இல்லை. திரும்பிவிடலாம் என்று நான் நினைத்த அதே இடத்தில் அந்த வரி இருந்தது. அந்த வரியைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். மீதியெல்லாம் கூடவே வந்த சுமை.

கல்யாணமான இரண்டாவது மாதமே என் தலையில் ஒரு வேலையைக் கட்டினார். புதுப் புத்தகம் எழுதினால் அச்சுக்குப் போகும் முன் அதை என்னிடம் செய்து பார்ப்பார். ஹாலில் தரையில் நான் உட்கார வேண்டும். எதிரே முக்காலியில் மெஷின். கையில் அவர் எழுதிய தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொள்வார். வாய் திறக்க மாட்டார்.

"நீ முட்டாள் இல்ல. ஆனா இந்த ஒரு மணி நேரம் முட்டாளா இரு" என்பார். நான் தப்பாகச் செய்தால் அது என் தப்பில்லை, வாக்கியத்தின் தப்பு. இதுதான் சட்டம். முதல் மிக்ஸிக்கு ‘உபயோகித்த பிறகு நன்றாகக் கழுவவும்’ என்று எழுதியிருந்தார். மோட்டாரோடு சேர்த்துத் தொட்டியில் முக்கி, சோப்புப் போட்டு, பிரஷ் வைத்துத் தேய்த்துக் கவிழ்த்தேன். அவர் மூச்சு விடவில்லை. மெஷின் செத்தபிறகு பென்சிலை எடுத்து ‘ஜாடியை மட்டும்’ என்று சேர்த்தார். என் மாமியார் வீட்டில் ஒரு பொருளை இப்படி உடைத்துவிட்டுப் பாராட்டு வாங்கிய மருமகள் நான் ஒருத்திதான். இஸ்திரிப் பெட்டியின் ஆவி பட்ட தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் ஒரு முக்கோணம் இருக்கிறது. யார் வீட்டிலாவது யாருக்காவது கை சுடாமல் தப்பித்திருந்தால் எனக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

இனிமேல் நான் சொல்லப்போவது என் திருட்டுத்தனம்.

மூன்றாவது வருஷம் தண்ணீர் வடிகட்டி ஒன்று வந்தது. ஒரு திருகை இடது பக்கம் திருப்பப் போனேன். நான் தரையில் இருப்பதால் நாற்காலியில் இருக்கிறவருடைய பாதம் என் கண்ணுக்கு நேரே இருக்கும். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, கல். ஆனால் இடது கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல மேலே எழும்பியது. கையை எடுத்தேன், விரல் இறங்கியது. வலது பக்கம் திருப்பினேன், விரல் அசையவில்லை. மறுபடி சோதித்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. நான் தப்புப் பண்ணப் போனால் அவருக்கே தெரியாமல் அந்த விரல் எழுந்து நின்றுவிடும்.

அப்போது நான் ஒரு சலவைக் கடையில் கவுண்டரில் இருந்தேன். இப்போதும் அங்கேதான். நாள் முழுக்க நின்றுகொண்டு சட்டைக் காலரில் எண் எழுதின சீட்டைக் குத்திவிட்டு வந்தால், சாயங்காலம் முட்டாளாக இருக்கத் தெம்பு இருக்காது. விரலைப் பார்த்துச் செய்தால் ஒரு மணி நேர வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். "ஒரே தடவையில புரிஞ்சிடுச்சு பாத்தியா" என்று அவரும் பூரித்துப் போவார். சந்தேகம் வராமல் இருக்க, ஒரு புத்தகத்துக்கு ஒரு தப்பு என்று கணக்காகச் செய்துகொடுப்பேன். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். நான் படித்தது அவருடைய எழுத்தை இல்லை, அவருடைய காலை.

அதன் பலன் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. புத்தகங்கள் வருஷா வருஷம் மோசமாகிக்கொண்டே போயின. வாங்கினவர்கள் கம்பெனிக்குப் போன் போட்டு, ஒன்றும் புரியவில்லை என்று கத்தினார்கள். அவர்கள் வீட்டில் கட்டைவிரல் இல்லையே.

இந்த வருஷம் புதிதாக ஒரு மேலாளர் வந்தாள். எங்கள் மகள் வயசுதான் இருக்கும். ஒரு திங்கட்கிழமை இவரைக் கூப்பிட்டு, புத்தகப் பிரிவை மூடிவிடலாம், வீடியோ போதும் என்றாள். பிரிவு என்றால் என்ன பிரிவு, இவரும் ஒரு மேசையும்தான். இவர் ஒரு வாய்ப்புக் கேட்டிருக்கிறார். அவளும் நியாயமானவள்தான், கொடுத்தாள். ஸ்டோர் ரூமில் பன்னிரண்டு பழைய லேப்டாப் செத்துக் கிடந்தன. உள்ளே இருக்கும் சிஸ்டம் கெட்டுப்போனதே தவிர மெஷின் நல்ல மெஷின். பென் டிரைவ் ஒன்றில் புது சிஸ்டத்தை ஏற்றி, அந்தப் பென் டிரைவிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினால் மறுபடி உயிர் வந்துவிடும். அதற்கு ஒரே ஒரு தாளில் வழிமுறை எழுத வேண்டும். கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற ஸ்டோர்க்காரர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, யாரையும் ஒரு கேள்வி கேட்காமல், வெள்ளிக்கிழமை காலை ஒரு லேப்டாப்பை எழுப்பிவிட வேண்டும். எழுப்பினால் மேசை இவருக்கு. இல்லையென்றால் வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாளோடு வந்தார். அலுவலக லேப்டாப் ஒன்று, காலியான கறுப்புப் பென் டிரைவ் ஒன்று. எழுப்புவதற்கு, எங்கள் மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன பழைய லேப்டாப். அதை ஆன் செய்தால் ஒரு வட்டம் சுற்றும். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தாலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

தரையில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் பழைய லேப்டாப்பில் புது சிஸ்டம் பளிச்சென்று வந்துவிட்டது. அவர் எழுந்து நின்று என் தலையைத் தடவினார். "பொழச்சோம்" என்றார். இருபத்து நாலு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று இடத்தில் அந்த விரல் எழுந்ததை நான் பார்த்திருந்தேன்.

ராத்திரி பூராவும் புரண்டுவிட்டு, காலையில் டீயை அவர் முன்னால் வைத்தபோது சொல்லிவிட்டேன்.

"ஏங்க, அந்தத் தாள் சரியில்லைங்க."

"நீதானே செஞ்சே?"

"உங்க காலைப் பாத்துச் செஞ்சேன்."

அவருக்குப் புரியவில்லை. விரலைக் காட்டினேன். "F12-ஐ அழுத்தவும்னு எழுதியிருக்கீங்க. நான் முதல்ல F-ஐத் தேடி அழுத்தப் போனேன். அப்புறம் ஒண்ணு, அப்புறம் ரெண்டுன்னு அழுத்தலாம்னு இருந்தேன். விரல் தூக்குச்சு. மேல் வரிசையைப் பாத்தா அங்க F12-ன்னே ஒரு பட்டன் இருக்கு. ஸ்டோர்க்காரருக்கு யார் விரலைத் தூக்குவா?"

"எத்தனை நாளா இது?"

"தண்ணி வடிகட்டி வந்ததுல இருந்து."

முகத்தில் ஈயாடவில்லை. டீயைக் குடிக்காமல் எழுந்து போனவர் காலுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். அலுவலகம் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவருடைய புத்தகங்களை உலகம்தான் படிக்கவில்லை, வீட்டில் ஒருத்தியாவது படிக்கிறாள் என்று இருந்தார். அதையும் நான் பிடுங்கிவிட்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் மேல் கோபமாகவும் இருந்தது. முட்டாளாக இருப்பது சுலபமான வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார் அல்லவா, அதற்கான கோபம்.

புதன்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இப்ப செய். தாள்ல என்ன இருக்கோ அது மட்டும். உனக்குத் தெரிஞ்சது எதையும் சேர்க்காத."

செய்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அலுவலக லேப்டாப்பில் கறுப்புப் பென் டிரைவைச் செருகினேன். பக்கத்தில் அவருடைய சிவப்புப் பென் டிரைவ் எப்போதும்போல் செருகியே இருந்தது, அவர் அதைக் கழற்றுகிற வழக்கமே இல்லை. ஏற்றுகிற புரோகிராமைத் திறந்தால் பட்டியலில் இரண்டு பெயர். தாளில் ‘பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று மட்டும்தான் இருந்தது. முந்தின நாள் முதல் பெயருக்குப் போனபோது விரல் எழுந்ததால்தான் இரண்டாவதுக்கு நகர்ந்திருந்தேன். இப்போது விரல் கதவுக்கு அந்தப் பக்கம், ஷூவுக்குள். முட்டாள் எதைத் தொடுவாள்? மேலே இருப்பதை. அது தப்பு என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் தொட்டேன்.

திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்தது. இதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும், தொடரலாமா என்று கேட்டது. தாளைப் பார்த்தேன். ‘திரையில் வரும் கேள்விகளுக்கெல்லாம் சரி என்று அழுத்தவும்.’ எச்சரிக்கை என்று பெயர் வாங்கின மனுஷன் எழுதிய வரி அது. அழுத்தினேன்.

"எந்த வரியில இருக்க?" என்றது குளியலறை.

"சரின்னு அழுத்தியாச்சு. சிவப்புல ஏறிட்டிருக்கு."

தாழ்ப்பாள் திறந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. வெளியே வந்து திரையைப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிவப்பில்தான் இந்தத் தாளும், பாதி எழுதி வைத்திருந்த நாலு புத்தகமும் இருந்தன. கம்ப்யூட்டரில் வேறு எங்கும் பிரதி இல்லை. எல்லோருக்கும் பிரதி எடுத்து வைக்கச் சொல்லி எழுதுகிறவர் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பேனா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். பதில் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருகிறது.

"வாக்கியத்தோட தப்பு" என்றார் கடைசியில். அவருடைய சட்டத்தை அவர் அப்போதும் விடவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார். அழிந்த தாளின் அச்சுப் பிரதி என் கையில் இருந்தது. நீட்டினேன், வாங்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். ‘வேறு பென் டிரைவ் எது செருகியிருந்தாலும் முதலில் கழற்றுங்கள்’ என்பதுதான் முதல் வரி. F12 இருக்கும் இடத்தைப் படமாகவே வரைந்தார். நான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது தாள் முடிந்திருந்தது. என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கடையில் ஒரு கோட்டுக்குச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்டோர் ரூமில் ஸ்டோர்க்காரரும் மேலாளரும் இருந்தார்கள். இவரை வெளியே வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.

"என்ன பண்றான்னே தெரியல" என்றார். புதன்கிழமைக்குப் பிறகு அவராக என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

"கதவுல காதை வைங்க."

"பென் டிரைவ் ரெடி ஆயிடுச்சு போலிருக்கு. இப்ப பழைய லேப்டாப்பை ஆன் பண்றான். தட்டுறான், தட்டுறான்... F12தான். விடாம தட்டுன்னு எழுதியிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் திரை கறுத்துரும். அங்கதான் எனக்கு பயம். கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஒயரைப் பிடுங்கிட்டான்னா முடிஞ்சுது."

"அதுக்கு எழுதலையா நீங்க?"

"எழுதியிருக்கேன்." அந்த வரியை மனப்பாடமாகச் சொன்னார். "‘இந்த இடத்தில் எல்லாம் கெட்டுவிட்டதாகத் தோன்றும். கெடவில்லை. இருநூறு வரை எண்ணுங்கள்.’"

கோட்டைக் கவுண்டரில் வைத்தேன். அந்த மதிலும் மூடிய ஷட்டரும் கண் முன்னால் வந்தன.

"எண்ணுறான்" என்றார் கிசுகிசுப்பாக. "வாய்விட்டு எண்ணுறான். நாப்பது... அந்தப் பொண்ணு ஏதோ சொல்றா. ‘பேசாதீங்கம்மா, எண்ணிக்கை விட்டுரும்’ங்கறான்."

என் முன்னால் கோட்டுக்காரர் ரசீதுக்காக நின்றுகொண்டிருந்தார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். நூற்றிப் பத்து என்றார், நூற்றி அறுபது என்றார். நூற்றி எண்பத்தி மூன்றில் போனுக்குள் மணி அடித்ததுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அன்றைக்கு எங்கள் ஹாலில் பழைய லேப்டாப் எழுந்தபோது வந்த அதே சத்தம். இவர் போனை வைக்கக்கூட மறந்துவிட்டார். ஸ்டோர்க்காரர் உள்ளே, ‘எந்திரிச்சிருச்சு’ என்று சொன்னது எனக்கே தெளிவாகக் கேட்டது.

மேசை அவருக்கே ஆயிற்று. வீடியோவும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும் என்றாளாம் மேலாளர். மிச்சமிருந்த பதினொரு லேப்டாப்பையும் ஸ்டோர்க்காரரே எழுப்பிவிட்டு, இப்போது கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று திரிகிறாராம்.

அதோடு விட்டிருக்கலாம். இத்தனை வருஷம் இதையெல்லாம் யாரை வைத்துச் சோதித்தீர்கள் என்று அவள் கேட்க, இந்த அரிச்சந்திரன் விரல் கதையை ஒன்று விடாமல் ஒப்பித்திருக்கிறார். அலுவலகத்தில் இப்போது அவருக்கு எச்சரிக்கை என்ற பெயர் போய்விட்டது. கட்டைவிரல் என்கிறார்கள். இனிமேல் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு புது ஆள்தான், ஒரே ஆள் இரண்டு தடவை கூடாது, வீட்டு ஆட்கள் கூடவே கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்களாம்.

சனிக்கிழமை அதைச் சொன்னபோது, "விட்டது தொல்லை" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் சாயங்காலம் வேலைவிட்டு வந்து ஹாலைப் பார்த்தால், முக்காலி சுவரோரமாக இருந்தது. அதன் மேல் அவர் செய்தித்தாளை வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. இருபது வருஷம் ஏமாற்றிச் செய்த வேலை போனதற்கு அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். காலுறையை அவர் இன்னும் வீட்டில் கழற்றுவதில்லை.

"புது கெட்டில் புத்தகம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சுது. வாட்ச்மேனை வெச்சுப் பாத்தோம்."

"எப்படிச் செஞ்சாரு?"

"நல்லாவே செஞ்சான்" என்றார், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "உன்னைவிட ரொம்ப நல்லா."

காலுறைக்குள் இடது கால் கட்டைவிரல் மெல்ல மேலே எழும்பியது. நான் பார்க்காததுபோல் அடுத்த சட்டையை எடுத்து மடித்தேன்.